கம்பளிக்கு 150, கூந்தலுக்கு 230?

சட்டையின் கழுத்துக்கு உட்புறம் தைத்திருக்கும் சிறு பட்டையில் இஸ்திரிப் பெட்டியின் படம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒன்று, இரண்டு அல்லது மூன்று புள்ளிகள். மூன்று புள்ளி பருத்திக்கு: பெட்டியின் அடித்தட்டு 200 டிகிரி செல்சியஸைத் தொடலாம். இரண்டு புள்ளி கம்பளிக்கும் பட்டுக்கும்: சுமார் 150 டிகிரி. ஒற்றைப் புள்ளி நைலான் போன்ற செயற்கை இழைகளுக்கு: சுமார் 110. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நூலோடு வாழ்கிற ஊர் ராஜபாளையம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி ஓடும் வீடுகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி தயாராகிறது. ஒவ்வொரு இழைக்கும் தாங்கும் சூடு வேறு என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே ஊர்க் கடைத்தெருவில், ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் இருக்கும் அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘230 டிகிரி வரை’ என்பது அதில் பெரிய எழுத்தில், ஒரு சிறப்பம்சமாக அச்சிடப்பட்டிருக்கும். மனிதரின் தலைமுடியும் ஆட்டின் கம்பளியும் ஒரே குடும்பத்துப் புரதமான கெராட்டினால் ஆனவை. கம்பளிக்கு 150 டிகிரியோடு நிறுத்து என்கிறது துணித்தொழில். கூந்தலுக்கு 230 கொடு என்கிறது அழகுத்தொழில். இடையில் இருக்கும் 80 டிகிரியைப் புரிந்துகொண்டால், எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

முதலில் முடியைப் பார்ப்போம். ராஜபாளையத்திலிருந்து பதினோரு பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது: பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையில் ஒரு தலைமுடி ஒட்டியிருக்கக் கண்டுதான், மகள் கோதை அதைச் சூடிப் பார்த்திருக்கிறாள் என்பதைப் பெரியாழ்வார் அறிந்தார் என்று சொல்வார்கள். பூ மாலைக்குள் வாடிவிடும், முடி வாடாது. வேர்க்குழியை விட்டு வெளியே வந்த முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் அது வாடுவதும் இல்லை. அதே காரணத்தால் அதற்குப் பட்ட காயம் ஆறுவதும் இல்லை. தோல் சுட்டால் புதுத்தோல் வரும். முடி சுட்டால் அந்த இடம் வெட்டி எறியும் வரை சுட்டபடியேதான் இருக்கும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வேரிலிருந்து கிளம்பியது. இத்தனை வருட வெயில், சீப்பு, ஷாம்பு, சூடு எல்லாவற்றின் கணக்கும் அந்த நுனியில் எழுதப்பட்டிருக்கிறது. தோள்வரை முடி வெட்டிக்கொள்கிற பெண்ணுக்குச் சேதம் ஒன்றிரண்டு வருடத்தில் கத்தரியோடு போய்விடும். நீளக் கூந்தல் வளர்க்கும் நம் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கருவி விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஓர் இழையின் குறுக்கு வெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், வெளியே மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முதல் பத்து அடுக்குகள் படிந்திருக்கும். பளபளப்பு இந்த அடுக்கில்தான் இருக்கிறது. உள்ளே கெராட்டின் நார்கள் கற்றை கற்றையாக ஓடுகின்றன. ஒவ்வொரு நாரிலும் புரதச் சங்கிலி திருகு வடிவில் சுற்றியிருக்கிறது. சங்கிலிகளைப் பிடித்து வைப்பவற்றில் முக்கியமானவை இருவகைப் பிணைப்புகள். கந்தக அணுக்கள் இரண்டு கைகோத்து உண்டாகும் டைசல்பைடு பிணைப்பு வலுவானது; தண்ணீருக்கோ மிதமான சூட்டுக்கோ அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு தனித்தனியே மிக மெலிது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். குளித்து முடித்த ஈரத்தலையை இறுகப் பின்னி, காய்ந்தபின் பிரித்தால் அலை அலையாக நிற்கிறதல்லவா? தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்தது. தண்ணீர் போனபோது, பின்னலின் வளைவிலேயே அவை புதிதாகக் கட்டிக்கொண்டன. ஸ்ட்ரெய்ட்னர் செய்வதும் இதைத்தான், வளைவுக்குப் பதில் நேர்கோட்டில்.

இந்த அறிவு அழகு நிலையத்தில் பிறந்ததல்ல, துணி ஆலைகளின் தேவையில் பிறந்தது. இங்கிலாந்தின் கம்பளி நகரமான லீட்ஸில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் கம்பளியையும் தலைமுடியையும் எக்ஸ் கதிரில் படமெடுத்தார். நீராவியில் இழுத்து நீட்டிய முடியின் படம், நீட்டாத முடியின் படத்திலிருந்து முற்றிலும் மாறியிருந்தது. முன்னதை பீட்டா என்றும் பின்னதை ஆல்ஃபா என்றும் அழைத்தார். ஆல்ஃபா திருகின் சரியான வடிவத்தை லைனஸ் பாலிங் 1951-இல் வரைந்து காட்டினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதற்கு 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடம் தந்தார்கள். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கும் ராமச்சந்திரன் வரைபடம் அதுதான். ஆல்ஃபாவுக்கு ஓரிடம், பீட்டாவுக்கு ஓரிடம் என்று அதில் தெளிவாகக் குறித்திருக்கும். முடியை மிகையாகச் சுட்டு இழுக்கும்போது குலைவது அந்த ஆல்ஃபா திருகுதான்.

இனி சூட்டுக்கு வருவோம். கெராட்டினுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, விறைப்பு தளர்ந்து சொன்னபடி வளையத் தொடங்கும் வெப்பநிலை. நன்றாக உலர்ந்த முடிக்கு இது 140 டிகிரியை ஒட்டி வருகிறது. ஈரம் ஏற ஏற இந்த எல்லை இறங்கும். முழுக்க நனைந்த முடியில் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடும். அதனால்தான் ஈர முடியைச் சூடே இல்லாமல் பின்னலில் வளைக்க முடிகிறது. இன்னொன்று, திருகு வடிவமே உருகிக் குலையும் எல்லை. உலர்ந்த முடியில் அது 230 டிகிரியைச் சுற்றி இருக்கிறது. நீரில் தோய்ந்த முடியிலோ 150-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது.

அட்டைப் பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் 230 எது என்பது இப்போது விளங்கும். உலர்ந்த கெராட்டின் உருகும் இடத்தையே அது குறிக்கிறது. சேதம் அந்த எண்ணில் திடீரென்று தொடங்குவதும் இல்லை. 200-ஐ நெருங்கும்போதே சில அமினோ அமிலங்கள் சிதையத் தொடங்கும். சாயம் பூசிய முடியாக இருந்தால் நிறமும் மாறும். செதில்கள் விரிசல் விடும். வேலை நடக்கத் தேவையான சூடு 140-க்குச் சற்று மேல், ஆபத்து 200-ஐ ஒட்டி. நம் முடிக்கு இருக்கும் இடம் இவற்றுக்கு நடுவே. கம்பளிக்குச் சொன்ன 150 இந்த இடத்தின் வாசலில் நிற்கிறது.

துணிக்குப் பெட்டி போடுகிறவர் முதலில் தண்ணீர் தெளிப்பார். பருத்தியின் செல்லுலோஸிலும் ஹைட்ரஜன் பிணைப்புகளே சுருக்கத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. தெளித்த நீர் அவற்றை அவிழ்க்க, சூடு நீரை விரட்ட, துணி நேராக உலர்ந்து நிற்கும். முடிக்கும் துணிக்கும் வேதியியல் இவ்வளவு ஒத்துப்போவதால்தான், முடியிலும் தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. துணி திறந்த நெசவு; நீராவி இடைவெளிகளில் எளிதாகத் தப்பிவிடும். முடியின் உள்ளே இருக்கும் நீருக்குச் செதில் அடுக்குகளைத் தாண்டித்தான் வழி. ஆவியாகும் நீர் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். வழி போதாதபோது அந்த ஆவி இழைக்குள்ளேயே குமிழ் விட்டுப் புடைக்கிறது. தோல் மருத்துவர்கள் இதைக் ‘குமிழ் முடி’ என்றே அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட முடி சொரசொரப்பாகி, குமிழ் உள்ள இடத்தில் ஒடியும். 125 டிகிரிக் கிடுக்கியை ஒரு நிமிடம் பிடித்தாலே இது வரக்கூடும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். கருவியில் வைத்ததும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால், ஆவி பறந்தால், உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2 கிராம் கற்றையில் 0.6 கிராம் நீர். அதைக் கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்க ஏறக்குறைய 1,500 ஜூல் வேண்டும். வீட்டு ஸ்ட்ரெய்ட்னர்கள் பெரும்பாலும் 30 முதல் 50 வாட். 40 வாட் கருவிக்கு இந்த நீரை விரட்ட மட்டுமே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் தகட்டோடு ஒட்டிய மேற்பகுதி வறண்டு தீய்ந்துகொண்டிருக்கும். ஈரத்தை நீக்கும் வேலை துண்டுக்கும் காற்றுக்கும் உரியது. அவசரமென்றால் 1,000 வாட்டுக்கு மேல் சக்தியுள்ள ட்ரையர் இருக்கிறது. அது தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோடு சூட்டைத் தருவதால் முடி அவ்வளவு கொதிப்பதில்லை.

எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை. செக்குத் தேங்காயெண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். தேங்காயெண்ணெய் கூந்தலுக்கு நல்லது என்பது பாட்டி சொல் மட்டுமல்ல. மும்பையின் ஆரத்தி ரேலே, மோஹிலே இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் செய்யாததைத் தேங்காயெண்ணெய் செய்தது: முடிக்குள் புகுந்து, தலைகுளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது. ஆனால் அந்த நன்மை குளிப்பதற்கு முன் தடவும்போது. எண்ணெய்த் தலையில் சூட்டுத் தகட்டை வைத்தால் முடி பொரியும்.

கருவி எத்தனை நல்லதானாலும், நேராக்கிய முடி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரம். ஜெனீவாவின் ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1783-இல் ஓர் ஈரமானியை விவரித்தார். அதற்குள் இருந்தது மனிதத் தலைமுடி. வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு மாறும்போது முடி இரண்டு முதல் இரண்டரை சதவீதம் நீளும். அந்தச் சிறு நீட்சி ஒரு முள்ளை நகர்த்தப் போதும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வானிலை நிலையங்களும் ஆலைகளும் நம்பிய அளவுகோல் அது. பஞ்சு நூல் வறண்டால் அறுந்துவிடும் என்பதால் மில்களுக்குள் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கென்றே 15-ஆம் பிரிவு இருந்தது. நூல் அறாமல் இருக்க ஏற்றும் அதே ஈரம், அங்கே வேலை செய்யும் பெண்ணின் முடியில் காலையில் கட்டிய ஹைட்ரஜன் பிணைப்புகளை ஷிப்ட் முடிவதற்குள் அவிழ்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் அப்படித்தான். இதைக் கருவியின் குற்றமென்று நினைத்து, 230-க்குத் திருப்பி, மறுபடி மறுபடி இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சூட்டைக் கூட்டுவதால் ஈரம் குறையாது. அதிகச் சூட்டில் நேரான முடியும் குறைந்த சூட்டில் நேரான முடியும் மழைக்காற்றின் முன் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, எதை வாங்குவது? பெட்டியில் செராமிக், டைட்டேனியம், டூர்மலின் என்று பெயர்கள் இருக்கும். பெரும்பாலான தகடுகளின் உடல் அலுமினியம். இந்தப் பெயர்கள் அதன்மேல் பூசிய மெல்லிய படலத்துக்கு உரியவை. டைட்டேனியம் சூட்டை மிக விரைவாகக் கடத்தும் என்று விளம்பரங்கள் சொல்லும். இயற்பியல் நூலைத் திறந்தால் தெரியும்: வெப்பத்தைக் கடத்துவதில் டைட்டேனியம் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குதான். பூச்சால் கிடைக்கும் உண்மையான பயன் வழுவழுப்பு. முடி சிக்காமல் நழுவினால் செதில்கள் பெயராது. அதற்கு நல்ல செராமிக் பூச்சே போதும். பூச்சு கீறியோ உரிந்தோ போனால் அந்தக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும்.

டூர்மலினுக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன கல் அது. நெருப்பருகே வைத்தால் சாம்பலைத் தன்மேல் இழுக்கிறது என்று ஐரோப்பாவே வியந்தது. சூடு மாறும்போது இந்தப் படிகத்தின் முனைகளில் மின்னேற்றம் தோன்றும் என்பது உண்மை. ஆனால் சூடு ஒரே நிலையில் நின்றுவிட்டால் அந்த மின்னேற்றம் சமன்பட்டு மறையும். ஸ்ட்ரெய்ட்னரின் தகடு ஒரே சூட்டில் நிற்க வேண்டிய பொருள். பூச்சில் கலப்பதோ சிறிதளவு பொடி. டூர்மலினுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது ஒன்றே: வெப்பநிலைக் கட்டுப்பாடு. மலிவான கருவிகளில் ஆன், ஆஃப் தவிர வேறு பொத்தான் இருக்காது. உள்ளே இருக்கும் பேரியம் டைட்டனேட் வில்லை ஒரு குறிப்பிட்ட சூடு வந்ததும் மின்தடையைச் சட்டென உயர்த்தித் தானே அடங்கிவிடும். தீப்பிடிக்காத, அழகான ஏற்பாடுதான். ஆனால் அது அடங்கும் சூடு பலவற்றில் 200-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதை மாற்ற உங்களுக்கு வழியில்லை. வெப்ப உணரியும் எண் காட்டும் திரையும் உள்ள கருவியில் 150-இல் தொடங்கலாம். தகடு முடியைத் தொட்டுச் சூடு இறங்கினால், உணரி அறிந்து உடனே ஏற்றிவிடும். அதனால் ஒரே இழுப்பில் வேலை முடியும். உணரி இல்லாத கருவியில் மூன்று நான்கு முறை இழுக்க நேரும். முடி தாங்கும் சேதத்துக்குச் சூடும் நேரமும் சேர்ந்தே கணக்கு.

மெல்லிய முடிக்கும் சாயம் பூசிய முடிக்கும் 150-ஐத் தாண்ட வேண்டாம். நடுத்தரமான அலை முடிக்கு 160, 170. அடர்ந்த சுருட்டைக்கு 180, 185. இது என் சிபாரிசு. 200-க்கு மேல் போக எந்த முடிக்கும் காரணம் இருப்பதாக நான் கருதவில்லை. கோரைமுடி உள்ளவர்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம். திரையில் காட்டும் எண்ணை நம்பலாமா என்ற ஐயம் வந்தால், பழைய முடிதிருத்துநர்கள் சூட்டுக் கிடுக்கியைச் சோதித்த வழி இருக்கிறது: வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் தகடுகளுக்கிடையே சில விநாடி பிடியுங்கள். பழுப்பேறினால் கூந்தலருகே கொண்டுபோகாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீளக் கூந்தலுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலத் தகடு; நெற்றி முடிக்கு இரண்டுக்குள். தகடுகள் அழுத்தத்துக்கேற்பச் சற்று அசைந்து கொடுக்க வேண்டும். விறைத்த தகடுகள் ஓரிடத்தில் கவ்வி இழுக்கும். தானாக அணையும் வசதி அவசியம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியானால் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால், நம் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தியை இழுத்துக் கருகும். சூட்டுச் சீப்பு, சூட்டு பிரஷ் வகைகள் முடியை இரண்டு பக்கமும் அழுத்துவதில்லை, அதனால் குச்சிபோல் நேராக்காது. முடியை அடக்கி ஒழுங்காக்கினால் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு. வெப்பக் காப்பு சீரம், ஸ்பிரே வகைகளில் இருக்கும் சிலிக்கோன் சூட்டைப் பரவலாக்கி மெதுவாக உள்ளே விடும். அது உதவிதான், அதிகச் சூட்டுக்கு அனுமதி அல்ல.

பார்லரில் பல மாதம் நிற்கும்படி செய்து தரும் ‘கெராட்டின்’, ‘ஸ்மூத்னிங்’ வகைகள் வேறு கதை. அவற்றில் சில ஃபார்மால்டிஹைடை வெளியிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்தியது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீம்களுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2024-இல் மருத்துவ இதழ்கள் எழுதின. திருமணத்துக்கு முந்தைய வாரம் இந்த முடிவை எடுக்கும் மணப்பெண்கள் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுக்கட்டும்.

மணக்கோலம் என்றதும் இன்னொன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியாரின் சாய்ந்த கொண்டையைப் பார்த்து ஐயங்கார் வீட்டு மணப்பெண்கள் ஆண்டாள் கொண்டை போடுகிறார்கள். கொண்டை நிற்பது இழைகளின் உராய்வால். தகடு தேய்த்துச் சீரம் பூசிய கூந்தலில் ஊசி நழுவும், பூச்சரம் இறங்கும். கொண்டை போடப்போகிற நாளில் ஸ்ட்ரெய்ட்னரைத் தொடவே வேண்டாம்.

கடையில் நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன், இதன் சூட்டை எத்தனை டிகிரி வரை குறைக்க முடியும் என்று கேளுங்கள். 150-க்கு இறங்காத கருவி என்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.